சிறிய விமான டர்பைனுக்கு எந்த பேரிங்: எண்ணெயா, எரிபொருளா, காற்றா?

சின்ன ஜெட் எஞ்சின் ஒன்றை வடிவமைக்க உட்காரும் குழுவில் முதல் பேச்சு கம்ப்ரஸரைப் பற்றித்தான் இருக்கும். அப்புறம் எரிகலன், அப்புறம் டர்பைன் இதழ்களின் சூடு. பேரிங் பற்றிய பேச்சு கடைசியில் வரும். அட்டவணையைப் புரட்டிப் பொருத்தமான அளவை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்கு 60,000 சுற்று, ஒரு லட்சம் சுற்று என்று ஓடும் எஞ்சினில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பேன். பேரிங் எது என்று தெரிந்தால்தான் தண்டின் தடிமன் தெரியும். தண்டு தெரிந்தால்தான் அது எந்த வேகத்தில் அதிரும் என்று தெரியும். அதிர்வு தெரிந்தால்தான் காற்றை அமுக்கும் சக்கரமான இம்பெல்லருக்கும் அதன் உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று முடிவு செய்ய முடியும். எரிபொருள் செலவும் அந்த இடைவெளியைப் பொறுத்து ஏறி இறங்கும்.

இன்று நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. சின்னக் குண்டுகளின் மேல் தண்டு உருளும் பால் பேரிங் வைத்து, அதற்குத் தனியாக எண்ணெய்ச் சுற்று அமைப்பது ஒன்று. அதே பால் பேரிங்கை எஞ்சினின் எரிபொருளிலேயே நனைய விடுவது இரண்டாவது. எண்ணெயே இல்லாமல் காற்றுப் படலத்தின் மேல் தண்டை மிதக்க விடுவது மூன்றாவது. நான்காவது காந்த பேரிங். காந்தத்தை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். அதற்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி, உணரிகள், மின்சாரம் நின்றால் தண்டைத் தாங்கிக்கொள்ள மாற்று பேரிங் என்று எல்லாம் வேண்டும். பெரிய எரிவாயுக் கம்ப்ரஸர்களில் இது நன்றாக உழைக்கிறது. இருபது கிலோ எடையுள்ள எஞ்சினில் இந்தச் சுமைக்கு இடமில்லை.

பேச வசதியாக ஒரு எஞ்சினை மனதில் வைத்துக்கொள்வோம். சுமார் 100 கிலோ உந்துவிசை தரும் டர்போஜெட். ஒரே தண்டில் முன்னால் ஒரு மையவிலக்கு இம்பெல்லர், பின்னால் ஒற்றை அடுக்கு டர்பைன். வேகம் நிமிடத்துக்கு 60,000 சுற்று. சுழலும் பாகம் மொத்தம் 3 கிலோ. இது கற்பனை எஞ்சின்தான் என்றாலும், ஆளில்லா விமானங்களுக்கும் ஒற்றை ஆள் ஜெட்டுகளுக்கும் இந்த அளவில் எஞ்சின்கள் விற்பனையில் இருக்கின்றன. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதற்கானவை.

பால் பேரிங்கும் அதன் எண்ணெயும்

பால் பேரிங்குக்கு ஒரு வேக எல்லை உண்டு. உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் வரும் எண்ணை டிஎன் மதிப்பு என்பார்கள். விமான எஞ்சின்களில் இது 20 முதல் 25 லட்சம் வரை போகிறது. அதற்கு மேல் போனால் குண்டுகளே தம் மையவிலக்கு விசையால் வெளி ரேஸை, அதாவது அவை உருளும் வெளி வளையத்தை, நசுக்கத் தொடங்கிவிடும். நம் எஞ்சினில் 20 மி.மீ. தண்டு போட்டால் 12 லட்சம்தான் வருகிறது, நிம்மதியான இடம். குண்டுகளை எஃகுக்குப் பதிலாக சிலிக்கான் நைட்ரைடில் செய்தால் இன்னும் நல்லது. அதன் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் என்பதால் வெளி ரேஸின் மேல் விழும் பாரம் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் நிம்மதி 20 மி.மீ. வரைதான். தண்டு மெலிவாக இருப்பதால் அது வளைந்து அதிரும் வேகம் கீழே இறங்கிவிடுகிறது. தடித்த தண்டு வேண்டுமென்றால் பெரிய பேரிங் வேண்டும், பெரிய பேரிங் என்றால் டிஎன் ஏறும். சின்ன எஞ்சின் வடிவமைப்பாளர்கள் காலங்காலமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுத்தது எண்ணெய். விமான டர்பைன்களில் ஊற்றும் எஸ்டர் என்ற செயற்கை எண்ணெய் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டைத் தாங்கும். அதற்கு மேல் கரியத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது பின்பக்க பேரிங்கை எண்ணெயே குளிரவைத்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் பம்பும் நின்றுவிடும். டர்பைன் சக்கரத்தில் தேங்கிய சூடு அடுத்த சில நிமிடங்களில் தண்டு வழியாக பேரிங்குக்கு வந்து சேரும். அங்கே மிச்சமிருக்கும் எண்ணெய் கருகி ஒட்டிக்கொள்ளும். பழைய எஞ்சினைப் பிரித்தால் பின்பக்கத்தில் எண்ணெயைப் பீய்ச்சும் ஜெட் துளையின் வாயில் கறுப்பாகக் கெட்டித்த படிவு தெரிவது இதனால்தான். அந்தத் துளை பாதி அடைத்தாலே பேரிங்கின் ஆயுள் போயிற்று.

இந்த எண்ணெய்க்காக நாம் சுமக்கும் சாமான்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்: தொட்டி, அழுத்தப் பம்ப், திரும்ப உறிஞ்சும் பம்ப், வடிகட்டி, குளிர்விப்பான், காற்றைப் பிரிக்கும் கருவி, சீல்கள், இவற்றை ஓட்ட ஒரு கியர் பெட்டி. பெரிய எஞ்சினில் இவை எடையில் கரைந்துபோகும். 100 கிலோ உந்துவிசை எஞ்சினில் ஒவ்வொன்றும் கண்ணில் உறுத்தும், ஏனென்றால் பம்பையும் வடிகட்டியையும் எஞ்சின் சிறுத்த அதே விகிதத்தில் சிறுக்க வைக்க முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு, எண்ணெய் பேரிங்குக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது: கெட்டுப்போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுக் கெடும். ரேஸில் முதல் பொரிவு விழுந்ததும் உலோகத் துகள் எண்ணெயில் வரும், காந்தச் செருகியில் ஒட்டும். எண்ணெயின் சூடு ஏறும். அதிர்வு கூடும். எஞ்சினை அணைத்த பிறகு தண்டு நிற்க எடுக்கும் நேரம் குறையும். பட்டறையில் நிற்பவர்களுக்குக் கடைசிச் சில சுற்றுகளின் சத்தமே போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எண்ணெய் நின்றுபோனாலும்கூட பால் பேரிங் உடனே இறுகிவிடாது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கும் எஞ்சினில் இதற்கு ஈடாக எதையும் வைக்க எனக்கு மனம் வராது.

எரிபொருளிலேயே நனைவது

மாதிரி விமான ஜெட்டுகளில் எண்ணெய்ச் சுற்றே கிடையாது. மண்ணெண்ணெயில் ஐந்து சதவீதம் அளவுக்கு டர்பைன் எண்ணெய் கலந்து ஊற்றுவார்கள். எரிகலனுக்குப் போகும் குழாயிலிருந்து ஊசி மாதிரி மெல்லிய ஒரு கிளைக்குழாய் பிரிந்து பேரிங்குகளுக்குச் சொட்டும். கம்ப்ரஸரிலிருந்து கசியும் காற்று அந்தச் சொட்டைத் தண்டுக் குழல் வழியாகப் பின்பக்கத்துக்கு அடித்துக்கொண்டு போய், டர்பைன் வழியாக வெளியே தள்ளிவிடும். திரும்பி வருவது ஒன்றும் இல்லை. பெரும்பாலும் 8 மி.மீ. உள்விட்டம், 22 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட கோணத்தொடு பேரிங், செராமிக் குண்டுகள், பின்னால் ஒரு ஸ்பிரிங் அதை எப்போதும் லேசாக அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் இந்தச் சின்ன பேரிங் ஓடுகிறது.

எடையிலும் விலையிலும் எளிமையிலும் இதற்குப் போட்டியே இல்லை. அதற்கு ஈடாக இழப்பது ஆயுள். இந்த வகை எஞ்சின்களை 25 அல்லது 50 மணி நேரத்துக்கு ஒரு முறை பேரிங் மாற்ற அனுப்பச் சொல்வது வழக்கம். மண்ணெண்ணெய் நீர்த்த திரவம். கலந்திருக்கும் கொஞ்ச எண்ணெயை நம்பித்தான் படலமே நிற்கிறது. கலவையில் எண்ணெய் குறைந்தாலோ, கிளைக்குழாயில் ஒரு தூசு மாட்டினாலோ குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கேஜ் முதலில் தேயும், அப்புறம் எல்லாம் சேர்ந்து போகும்.

இலக்குப் பயிற்சிக்காகச் சுட்டு வீழ்த்தப்படும் விமானத்துக்கு ஐம்பது மணி நேரமே மிக அதிகம். அங்கே இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்து ஒரு நாள் பறக்க வேண்டிய எஞ்சின் என்றால், லாரியில் ஏற்றி இறக்கும்போது ஏற்படும் குலுக்கலில் குண்டுகள் ரேஸில் ஒரே இடத்தில் அடித்து அடித்துக் குழி போட்டுவிடும். ஸ்பிரிங் அழுத்தத்தைச் சரியாக வைப்பதும், பெட்டிக்குள் தண்டைப் பிடித்து நிறுத்துவதும் அதனால் முக்கியம்.

காற்றில் மிதக்கும் தண்டு

இனி காற்றுக்கு வருவோம். காற்றையே மசகாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் ஆல்பர்ட் கிங்ஸ்பரி 1897-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். மழையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறி ரோட்டைத் தொடாமல் வழுக்குவதைப் பார்த்திருப்போம். அதே செயல்தான் இது. வேகமாகச் சுழலும் தண்டு தன்னை ஒட்டிய காற்றை இழுத்துக்கொண்டு போய்க் குறுகலான இடத்தில் திணிக்கிறது. அங்கே அழுத்தம் ஏறித் தண்டைத் தூக்கிவிடுகிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான்.

வெளியிலிருந்து அழுத்தக் காற்றைத் துளைகள் வழியாகச் செலுத்தித் தூக்குவது இன்னொரு வகை. அதில் நிற்கும்போதும் தண்டு மிதக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிலிக்கானில் செதுக்கிய நாலு மில்லிமீட்டர் சக்கரத்தை இப்படித்தான் நிமிடத்துக்குப் பத்து லட்சம் சுற்றுக்கு மேல் ஓட்டினார்கள். விமானத்தில் சிக்கல் என்னவென்றால், எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே அழுத்தக் காற்று வேண்டும். அதற்கு ஒரு சிலிண்டரைச் சுமக்க வேண்டும். துளைகளும் அடைத்துக்கொள்ளும். ஆகவே நம் ஒப்பீட்டில் காற்று என்றால் தன்னால் தூக்கிக்கொள்ளும் ஃபாயில் பேரிங்தான்.

ஃபாயில் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதுவா எஞ்சினைத் தாங்கப்போகிறது என்று தோன்றும். ஒரு உலோக வளையம். அதன் உட்சுவரில் அலை அலையாக மடித்த ஒரு மெல்லிய தகடு. அதன் மேல் வழவழப்பான இன்னொரு தகடு. தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு. பொதுவாக இன்கோனல் எக்ஸ்-750 என்ற நிக்கல் கலவை. மேல்தகட்டின் ஒரு முனைதான் வளையத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை சும்மா நிற்கும். விரலால் அழுத்தினால் அலைகள் அமுங்கி எழும். இந்த நெகிழ்ச்சிதான் இதன் உயிர். தண்டு சூட்டில் விரிந்தாலும், உறை லேசாகக் கோணினாலும் தகடு வழிவிட்டுப் படலத்தைக் காப்பாற்றும். அலைகளும் தகடும் ஒன்றோடொன்று உரசுவதால் கொஞ்சம் அதிர்வும் அடங்கும். கெட்டியான காற்று பேரிங்கில் ஒரு மைக்ரான் தவறினாலும் தண்டு உரசிவிடும். ஃபாயிலில் அந்தப் பயம் பெரிதும் குறைவு.

எண்ணெய்க்கு நேர்மாறான ஒரு குணமும் காற்றுக்கு உண்டு. சூடு ஏற ஏற எண்ணெய் நீர்த்துப்போகும். காற்றின் பிசுபிசுப்போ கூடும். 500 டிகிரியில் அது அறை வெப்பத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டர்பைனுக்கு அருகில் உட்கார இதைவிடப் பொருத்தமான மசகு கிடைக்காது. கருகாது, தீராது, கசிந்தாலும் யாருக்கும் கேடு இல்லை.

கசிந்தாலும் கேடு இல்லை என்பதால்தான் இது முதலில் விமானத்துக்குள் வந்தது. பயணிகள் அறைக்குக் குளிர்ந்த காற்று தரும் ஏர் சைக்கிள் மெஷினில் ஒரு சின்ன டர்பைனும் கம்ப்ரஸரும் ஒரே தண்டில் சுற்றும். அதன் சீல் கசிந்தால் எண்ணெய்ப் புகை நேராகப் பயணிகளின் மூக்குக்குப் போகும். 1971-இல் சேவைக்கு வந்த டிசி-10 விமானத்தில் காரெட் ஏரிசர்ச் நிறுவனம் ஃபாயில் பேரிங் வைத்த மெஷினைப் பொருத்தியது. பின்னாளில் போயிங் 747-க்கும் வந்தது. இப்படி அரை நூற்றாண்டாக ஃபாயில் பேரிங் விமானத்தில் பறந்துகொண்டுதான் இருக்கிறது. தரையில் கேப்ஸ்டோன் நிறுவனத்தின் 30 கிலோவாட் மைக்ரோடர்பைன் நிமிடத்துக்கு 96,000 சுற்றில், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மின்சாரம் தருகிறது. அதன் 200 கிலோவாட் அண்ணன் 60,000 சுற்றில் ஓடுகிறது. வேகத்தில் நம் கற்பனை எஞ்சினுக்கு நிகர்.

அப்படியானால் உந்து எஞ்சினில் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்லலாம்.

நாசாவின் கிறிஸ்டஃபர் டெல்லகோர்ட்டேயும் மார்க் வால்கோவும் 2000-இல் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். பேரிங் தாங்கும் பாரம், அதன் நீளத்தோடும் விட்டத்தின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் நேர்விகிதத்தில் கூடும். பவுண்டு, அங்குலம், ஆயிரம் சுற்று என்ற அலகுகளில் இதைப் பெருக்கும் கெழு, ஆரம்பகால ஃபாயில்களுக்கு 0.1 முதல் 0.3 வரை. அலைத்தகட்டை இடத்துக்கு இடம் வேறு வேறு விறைப்போடு வடிவமைக்கத் தெரிந்த மூன்றாம் தலைமுறைக்கு அது 1-ஐ ஒட்டி வந்துவிட்டது.

நம் எஞ்சினில் 40 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம் உள்ள ஒரு பேரிங்கைப் போட்டுப் பார்ப்போம். 60,000 சுற்றில் மூன்றாம் தலைமுறை பேரிங் சுமார் 106 கிலோ தாங்கும். கெழு 0.2 உள்ள பழைய பேரிங் 21 கிலோதான் தாங்கும். இப்போது பாரத்தைப் பார்ப்போம். விமானம் 6 ஜி திருப்பம் (எடை ஆறு மடங்காகத் தோன்றும் திருப்பம்) எடுத்தால் 3 கிலோ சுழலி 18 கிலோவாக அழுத்தும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின்பக்க பேரிங்கில் விழும் என்றால் 12 கிலோ. மூக்கை வேகமாகத் தூக்கும்போது சுழலி பம்பரக் குணத்தால் பக்கவாட்டில் முரண்டு பிடிக்கும். சுழலியின் நிலைமத் திருப்புத்திறன் 0.002 கிலோகிராம் சதுர மீட்டர், பேரிங்குகளின் இடைவெளி 15 செ.மீ., விமானம் வினாடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் மூக்கைத் தூக்குகிறது என்றால், அது ஒவ்வொரு பேரிங்கிலும் எட்டரை கிலோ சேர்க்கும். இரண்டும் வெவ்வேறு திசையில் அழுத்துபவை என்றாலும், பாதுகாப்புக்காக நேராகக் கூட்டினால் மொத்தம் இருபது கிலோவை ஒட்டி வருகிறது. பழைய ஃபாயிலுக்கு இது விளிம்பு. புதியதற்கு ஐந்து மடங்கு இடம் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கி 30,000 சுற்றில் இறங்குமுகமாக வரும்போது இந்த எண்கள் பத்தரையும் ஐம்பத்து மூன்றும் ஆகிவிடும். கடினமாகத் தரை தட்டும் நேரம் பெரும்பாலும் எஞ்சின் இப்படி வேகம் குறைந்து இருக்கும் நேரம்தான். சூட்டில் தகட்டின் வலு குறையும் என்பதால் இந்த 53 கிலோவையும் முழுசாக நம்பக் கூடாது. ஆனாலும் கணக்கு தேறுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த 40 மி.மீ. பால் பேரிங்கில் அதே விட்டம் போட்டிருந்தால் டிஎன் 24 லட்சம் ஆகி எல்லையை முட்டியிருக்கும். ஃபாயிலுக்கோ விட்டம் கூடக் கூட வலு கூடும். தண்டை 20-லிருந்து 40-க்கு உயர்த்தினால் வளைவுக்கு எதிரான விறைப்பு பதினாறு மடங்கு. உள்ளே குடைந்துவிட்டால் எடையும் அவ்வளவாக ஏறாது. மெலிந்த தண்டோடு காலங்காலமாக நடந்த மல்லுக்கட்டு இங்கே இல்லாமலே போகிறது. பால் பேரிங் எஞ்சினின் வரைபடத்தில் பேரிங்கை மட்டும் எடுத்துவிட்டு ஃபாயிலைச் செருகிப் பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். ஃபாயிலுக்கு என்று எஞ்சினை முதலிலிருந்து வரைய வேண்டும்.

அப்படி வரைந்தாலும் மூன்று இடங்களில் முள் குத்தும்.

முதலாவது நெடுக்கு பாரம். கம்ப்ரஸர் தண்டை ஒரு பக்கம் தள்ளும், டர்பைன் மறுபக்கம் தள்ளும், மிச்சத்தை ஒரு வட்டத்தட்டு தாங்க வேண்டும். ஃபாயிலில் இந்தத் தட்டு பேரிங், வளைய பேரிங்கைவிட எப்போதுமே பலவீனமானது. பாரம் கூடக் கூடப் படலம் மெலிந்து சூடாகும். சூட்டில் தட்டு குடை மாதிரி வளையும். வளைந்தால் பாரம் ஓரத்தில் குவியும். அங்கே இன்னும் சூடாகும். இந்தச் சுழல் பிடித்துக்கொண்டால் நிறுத்த முடியாது. சில நொடிகளில் மேல்தகட்டில் நீலமும் பழுப்புமாகக் கருகிய பட்டை விழுந்து, தண்டு உரசி நின்றுவிடும். எண்ணெய் பேரிங் கொடுக்கும் முன்னறிவிப்பு எதுவும் இங்கே கிடையாது. தகட்டுக்கு அடியில் குளிர்காற்றை ஓடவிட்டு இதைத் தவிர்க்கலாம். அந்தக் காற்றை கம்ப்ரஸரிலிருந்துதான் எடுக்க வேண்டும், அது எஞ்சினின் திறனிலிருந்து போகிறது.

இரண்டாவது, தொடங்குவதும் நிறுத்துவதும். சில ஆயிரம் சுற்றுக்குக் கீழே காற்று தூக்காது. தண்டு தகட்டின் மேல் உரசித்தான் ஓடும். குளிர்ந்த இடத்தில் டெஃப்லான் பூச்சு போதும். டர்பைன் பக்கம் அது தாங்காது. இதற்காக நாசா பிஎஸ்304 என்ற பூச்சை உருவாக்கியது: நிக்கல் குரோம் 60 சதவீதம், கடினத்துக்குக் குரோமியம் ஆக்சைடு 20, வெள்ளி 10, பேரியம் மற்றும் கால்சியம் ஃபுளோரைடு சேர்ந்து 10. குளிரில் வெள்ளி வழுக்கும், செஞ்சூட்டில் ஃபுளோரைடுகள் வழுக்கும். தண்டின் மேல் பிளாஸ்மாவால் தெளித்துச் சாணை பிடிக்க வேண்டும். இந்த வரிசையில் 1999-இல் நாசாவும் மொஹாக் இன்னோவேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமும் டீசல் லாரிக்கான ஒரு டர்போசார்ஜரை எண்ணெயே இல்லாமல் 95,000 சுற்றில், 650 டிகிரி சூட்டில் ஓட்டிக் காட்டின. ஆகவே தொடக்க உரசலைத் தாங்கும் வழி இருக்கிறது.

விமானத்தில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. எஞ்சின் அணைந்த நிலையில் விமானம் பறந்தால் எதிர்காற்றில் தண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் தூக்கும் வேகத்துக்குக் கீழே இருந்தால், ஆயிரம் முறை தொடங்கி நிறுத்தும் தேய்மானம் ஒரே பயணத்தில் ஆகிவிடும். இன்னும் மோசம், தரையில் பின்பக்கமாகக் காற்று அடித்தால் தண்டு தலைகீழாகச் சுற்றும். மேல்தகட்டின் ஒரு முனைதான் பிடித்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, எதிர்த்திசையில் இழுத்தால் அது மடங்கிப்போகும். நிறுத்தி வைத்த விமானத்தில் முன்னும் பின்னும் மூடி போடுவது ஃபாயில் எஞ்சினுக்குக் கட்டாயம்.

மூன்றாவது மென்மை. நெகிழும் பேரிங்கில் தண்டு கொஞ்சம் அதிகமாக ஆடும். நம் அளவு எஞ்சினில் இம்பெல்லர் இதழின் வெளியோர உயரம் ஏழெட்டு மில்லிமீட்டர்தான். ஆட்டத்துக்காக இடைவெளியைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால், இதழ் உயரத்தில் ஒன்றரை சதவீதம் காற்றுக்கு வழியாகிவிடும். எண்ணெய்ச் சாமான்களை எறிந்து மிச்சப்படுத்திய எடையை, கூடுதல் எரிபொருளாக மறுபடியும் சுமக்க நேரலாம். ஃபாயில் பற்றிப் பேசும் பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நீண்ட நேரம் பறக்கும் விமானத்துக்கு முடிவையே மாற்றக்கூடிய கணக்கு இது.

எதற்கு எது

இனி முடிவுகள். ஒரு முறை பறக்கும் எஞ்சினுக்கும், சில பத்து மணி நேரமே வாழ வேண்டிய எஞ்சினுக்கும் எரிபொருளில் நனையும் செராமிக் பால் பேரிங்.

ஆள் பறக்கும் ஜெட்டுக்கு, இன்றைய நிலையில், சுற்றி வரும் எண்ணெயும் பால் பேரிங்கும். எடை கூடினாலும் பரவாயில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கெடும் குணத்துக்காகவும், அணைந்த எஞ்சினோடு இறங்க வேண்டி வந்தால் மெதுவாகச் சுற்றும் தண்டைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

மின்சாரம் தரும் டர்பைன் என்றால் தயங்காமல் ஃபாயில். பேட்டரி விமானத்தின் தூரத்தைக் கூட்ட வைக்கும் ஜெனரேட்டர், துணை மின் எஞ்சின், அறைக் காற்றுக் கம்ப்ரஸர் எல்லாம் இதில் சேரும். இவை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுபவை. தண்டிலேயே மோட்டார் இருப்பதால் தூக்கும் வேகத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். உரசும் நேரம் சுருங்கும். அணைத்து வைத்தால் நுழைவாயிலை ஒரு கதவால் அடைத்துவிடலாம், காற்றில் சுற்றும் தொல்லை இல்லை. உந்துவிசை எஞ்சினைக் குத்தும் மூன்று முட்களில் இரண்டாவது இங்கே மழுங்கிவிடுகிறது.

இடையில் ஒரு கலப்பு வழி இருக்கிறது. ஆயிரம் மணி நேரம் பறக்க வேண்டிய ஆளில்லா விமானத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். முன்பக்கம் குளிர்ந்த இடத்தில் ஒரு ஜோடி பால் பேரிங், பின்பக்கம் டர்பைன் அருகில் ஒரு ஃபாயில். நெடுக்கு பாரத்தை முன்பக்கக் குண்டுகள் வாங்கிக்கொள்வதால் ஃபாயிலின் பலவீனமான தட்டு பேரிங் தேவையே இல்லை. இம்பெல்லரின் ஓர இடைவெளியையும் விறைப்பான முன்பக்கம் காத்துக்கொள்ளும். எண்ணெய் கருகும் சூடான இடத்தில் எண்ணெயே இருக்காது. முன் தண்டை 15 மி.மீ.க்கு மெலித்தால் டிஎன் 9 லட்சம். இயந்திரக் கருவிகளின் ஸ்பிண்டிலில் செராமிக் குண்டும் கிரீஸும் எட்டிவிட்ட வட்டாரம் அது. எண்ணெய்ச் சுற்றே வேண்டாம் என்றாகிவிடும். குறித்த மணி நேரத்தில் முன்பக்க ஜோடியை மட்டும் கழற்றி மாற்றலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: முன்பக்கம் விறைப்பு, பின்பக்கம் நெகிழ்வு என்பதால் தண்டு முன்முனையை மையமாக வைத்து வால் ஆடும். அதிர்வுக் கணக்கை இந்த ஆட்டத்தோடு போட வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்கள் டர்பைன் சக்கரத்தைச் செய்வதற்கு முன்பே ஒரு சோதனைத் தண்டைச் செய்துவிட வேண்டும். அதே எடையில் ஒரு போலிச் சக்கரம், அதே பேரிங்குகள், பின்பக்கத்தில் ஒரு மின் அடுப்புச் சுருள், சுழற்ற ஒரு காற்று டர்பைன். முழு வேகத்துக்கு ஏற்றி, காற்றை அடைத்துவிட்டு, தண்டு தானாக நிற்கும்வரை வேகத்தைப் பதிவு செய்ய வேண்டும். காற்றில் மிதக்கும்வரை வேகம் வளைகோடாகக் குறையும்; தகட்டைத் தொட்ட கணத்திலிருந்து நேர்கோடாக விழும். அந்த முறிவுப் புள்ளிதான் தூக்கும் வேகம். நூறு முறை சூட்டில் ஓட்டி நிறுத்திய பிறகும் அந்தப் புள்ளி நகராமல் இருந்தால் பூச்சு நிலைத்துவிட்டது. மேலே ஏறிக்கொண்டே போனால் பூச்சு தேய்கிறது என்று அர்த்தம். தகட்டின் விறைப்பையும் குளிர்காற்றையும் மாற்றி அமைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். எஞ்சினின் மற்ற பாகங்களுக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.